பதினைந்து வினாடி

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போடுகிறாள் ரைலி.
லிட்டருக்குப் பத்து மில்லிகிராம்,
அடுத்து மூன்று புள்ளி இரண்டு, அடுத்து ஒன்று,
அப்புறம் நாக்குக்கும் மூக்குக்கும் எட்டாத
இரண்டு அளவுகள்.
கடைசி வரிசைக் குவளைகளில் வெறும் நீர்.

வந்திருக்கும் திரவத்துக்கு இன்னும் பெயரில்லை,
எண்தான்.
காகித ஆலைக் குழாய்களில்
வழுவழுப்புப் படியாமல் காக்குமாம்.
வேலை முடிந்ததும் அது ஏரிக்குப் போகும்.
போகலாமா என்று
ஏரியிடமே கேட்க முடியாது.

நேற்றிரவு பிறந்த நீர்த்தெள்ளுகளிடம் கேட்கிறார்கள்.
ஆணில்லாமல் ஈன்றவளின்
ஆணில்லாமல் ஈனப்போகும் மகள்கள்.
கண்ணாடி உடம்பு:
தின்ற பாசி பச்சைக் கோடாகத் தெரியும்,
இதயம் அடிப்பது தெரியும்,
ஒற்றைக் கண் திரும்புவதும்.
குவளைக்கு ஐந்து, வரிசைக்கு இருபது.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
ஓர் ஏரிக்கு இருபது.

நாற்பத்தெட்டு மணி நேரம்
அவற்றுக்குச் சாப்பாடு கிடையாது.
வெளியே பின்லாந்தின் பிப்ரவரி
நாலரைக்கே விளக்கணைத்துவிட்டுப் போய்விட்டது.

படிவத்தில் இறப்பு என்று கட்டமில்லை.
அசைவிழப்பு என்றுதான் இருக்கிறது.
குவளையை மெல்லச் சுழற்ற வேண்டும்,
பதினைந்து வினாடி பொறுக்க வேண்டும்.
அதற்குள் நீந்தாதது கணக்கில் சேரும்,
உணர்கொம்பு துடித்தாலும் சரி
இதயம் அடித்துக்கொண்டே இருந்தாலும் சரி.

வேலைக்குச் சேர்ந்த வருடம்,
பதினாறாவது வினாடியில் ஒன்று
எழும்பி நீந்தியதைப் பார்த்திருக்கிறாள்.
எழுதிய எண்ணை அடிக்கவில்லை.

இரண்டாம் நாள் மாலை.
பத்தில் இருபதும் அடியில் கிடக்கின்றன.
மூன்று புள்ளி இரண்டில் பதினேழு.
ஒன்றில் ஒன்பது.
கீழே போகப் போக ஆறு, ஐந்து.
கோடு சுமாராக வளைகிறது.
ஆலையிலிருந்து தைஸ்டோ ஹிர்வோலா
மூன்று முறை கூப்பிட்டுவிட்டார்:
வெள்ளிக்குள் ஓர் எண் போதும், ஒரே ஓர் எண்.

பிறகு வெறும் நீர்.
முதல் குவளையில் ஐந்தும் நீந்துகின்றன.
இரண்டாவதில் நான்கு.
மூன்றாவதில் நான்கு.
இருபதில் இரண்டு வரை மன்னிப்பு உண்டு,
மூன்றென்றால் மொத்தமும் செல்லாது.

நான்காவது குவளையில்
ஒன்று சாய்ந்து கிடக்கிறது.
சுழற்றினாள்.
பதினொன்று, பன்னிரண்டு.
கொம்பு ஒருமுறை உயர்ந்தது,
பேருந்தைத் தவறவிட்டவர் கை போல.
பதினான்கு.
அறையில் வேறு யாருமில்லை.
பதினைந்து.

மூன்று என்று எழுதினாள்.

கண்ணாடியை அமிலத்தில் கழுவியது அவளேதான்.
வெப்பம் இருபது டிகிரி, பதிவேடு சொல்கிறது.
கையில் களிம்பு பூசவில்லை.
விளக்கு, மூடி, வடிதாள், எல்லாம் பார்த்தாயிற்று.
மிச்சமிருப்பது நீர்.
ஹவுக்கிலம்பி ஏரியில் பனியைத் துளைத்து
திங்கட்கிழமை எடுத்தது,
எதையும் ஒப்பிட்டுப் பார்க்க
முப்பது வருடமாய் நம்பி எடுப்பது.

மறுநாள் காலை துளைப்பானோடு போனாள்.
கொஞ்சம் தள்ளி முக்காலி போட்டு
விடுப்பில் இருக்கும் பேருந்து ஓட்டுநர் ஐலா
தூண்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.
பனிமேல் எறிந்த பெர்ச் மீன் ஒன்று துள்ளியது.
ரைலியின் வாய் தானாக எண்ணத் தொடங்கிற்று.
பதினைந்து தாண்டியும் துள்ளியது,
இருபது தாண்டியும்.
நல்ல செய்தியா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கலத்தில் ஏறிய நீர் பளிங்குபோல் இருந்தது.
எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

ஒட்டுச்சீட்டில் தேதி எழுதும்போதே
பேனா மை உறைந்துவிட்டது.
ஐலாவிடம் பென்சில் வாங்கினாள்.
வழக்கமாக 'ஒப்பீட்டு நீர்' என்று எழுதும் இடத்தில்
கொஞ்ச நேரம் பென்சில் நின்றது.
'மாதிரி' என்று எழுதினாள்.

இரண்டு மீன் கொண்டுபோகிறாயா என்று
ஐலா கேட்டது காதில் விழுந்தது.
மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.