நடுக்கம் நின்ற வண்டி

சிவப்பு விளக்கில் நின்றால் போதும்,
எங்கள் ஓப்பலுக்குக் குளிர்காய்ச்சல் வந்துவிடும்.
கதவுப் பிடி கிடுகிடுக்கும்.
பின்கண்ணாடியில் வனாட்ஸோரின் மலைகள்
இரண்டிரண்டாகத் தெரியும்.
ரிவர்ஸ் போட்டால் அடியிலிருந்து
யாரோ சம்மட்டியால் ஒரு போடு.

எஞ்சின் மவுண்ட் மூன்றும் போச்சு என்றான் செரோப்.
கூலியோடு நாற்பத்தைந்தாயிரம் திராம்.
சொல்லிவிட்டு என் பூட்ஸைப் பார்த்தான்,
பார்த்துவிட்டு ஐந்தாயிரம் குறைத்தான்.
குறைத்ததுதான் சுருக்கென்றது.

யெரெவானிலிருந்து மினிபஸ்ஸில் வந்தது சாமான்,
வெங்காய மூட்டைக்கும் யாரோ ஒருவரின் செலோவுக்கும் இடையில்.
பிரித்தேன். புது ரப்பர் வாசனை
சமையலறையில் இரண்டு நாள் இருந்தது.

ஏப்ரல் ஞாயிறு. முற்றத்தில் பாதி பனி, பாதி சேறு.
குழந்தையைக் கீழ்வீட்டு நுனுஃபாரிடம் விட்டேன்.
ஹ்ராயர் ஓம்ஸ்கில், பதினோராவது மாடியில்,
கம்பி கட்டும் வேலைக்கு நடுவே போனில் வந்தான்.
தொட்டிக்கும் ஜாக்கிக்கும் நடுவே கட்டை வை,
தொட்டி வெறும் தகரம், நசுங்கும்.
வைத்தேன்.
மெல்ல ஏற்று. எடை கட்டை மேல் வந்ததா?
வந்தது.
சரி, இப்போது அந்த வலது போல்ட்டை மட்டும்

படம் உறைந்துவிட்டது. திறந்த வாய்,
காதருகே சதுரம் சதுரமாய் ஓம்ஸ்க் வானம்.
அந்தத் திறந்த வாயைப் பானெட்டில் சாய்த்து வைத்து
மிச்சத்தைச் செய்தேன்.

பதினெட்டாம் நம்பர் சாக்கெட்,
அதன் வாலில் தண்ணீர்க்குழாய்த் துண்டு,
அதன் வாலில் நான்.
அசையவில்லை.
துரு எண்ணெய் விட்டேன். தேநீர் குடித்தேன்.
கெட்ட வார்த்தை மூன்று சொன்னேன்.
நான்காவதற்கு இளகிக்கொடுத்தது,
என் விரல்முட்டித் தோலையும் கூடவே எடுத்துக்கொண்டு.

கழன்று வந்ததைக் கையில் வைத்துப் பார்த்தேன்.
ரப்பர் நடுவில் கிழிந்து,
உள்ளே இருந்த எண்ணெய் எந்தக் குளிர்காலத்திலோ ஒழுகிப்போய்,
இரும்போடு இரும்பு மோதிய இடம் மட்டும்
கல்யாண மோதிரம் மாதிரி பளபளவென்று.
இதை வைத்துக்கொண்டா போனோம்,
இடுப்புவலி எடுத்த அந்த ராத்திரி,
அத்தனை பள்ளத்தில்?

புதியதன் துளை ஒத்துவரவில்லை.
மயிரிழைதான். ஆனால் மயிரிழையில் போல்ட் நுழையாது.
ஜாக்கியை ஏற்றினேன், அந்தப் பக்கம் போச்சு.
இறக்கினேன், இந்தப் பக்கம்.
கடைசியில் தோளைக் கொடுத்து எஞ்சினையே தள்ளினேன்,
பேருந்தில் இடம் கேட்பதுபோல.
கொஞ்சம் நகர்ந்தது.
விரலாலேயே சுழன்று உள்ளே போனது போல்ட்.

மற்ற இரண்டையும் மாற்றி முடிக்க இருட்டிவிட்டது.
சாவியைத் திருப்பினேன்.
எரிகிறதா அணைந்துவிட்டதா, தெரியவில்லை.
குனிந்து முள்ளைப் பார்த்தேன்:
எண்ணூறில் சாதுவாக நின்றது.
இறங்கி, காலி முற்றத்துக்கு
ஒரு சின்ன வணக்கம் போட்டேன்.

மறந்துபோனது ஒன்று உண்டு.

ஏழு மாதமாக மனே தூங்குவது இந்த வண்டியில்தான்.
ஒன்பது மணிக்குப் பின்சீட்டில் கட்டி
எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால்
பத்தாவது நிமிடம் தலை சாயும்.
அன்று சாயவில்லை.
கண்ணை அகலத் திறந்து
யாரோ தாலாட்டைப் பாதியில் விட்டுப் போனதுபோல்
இருக்கையைக் கையால் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

பழைய ரசாயன ஆலைப் பக்கம் ஓட்டினேன்,
குண்டும் குழியுமாய் நல்ல ரோடாகத் தேடி.
ஒவ்வொரு குழியையும்
ஓப்பல் மிடறு மிடறாக விழுங்கிவிட்டது.
நிறுத்திப் பின்கண்ணாடியைப் பார்த்தேன்.
தெருவிளக்கு ஒன்று.
அதன் கீழே மனே,
அவளும் ஒருத்திதான்,
விளிம்பு கலையாமல்,
நேராக என்னையே பார்த்துக்கொண்டு.

இரண்டு மணிக்கு போன் அடித்தது.
ஹ்ராயர். அங்கே பொழுது விடிந்திருந்தது.
என்ன இது, இவள் இன்னும் தூங்கவில்லையா?
ஏன், உடம்புக்கு ஏதாவது?

ஒன்றுமில்லை என்றேன்.
வண்டி சரியாகிவிட்டது.