நவம்பர்க் கணக்கு

மீட்டர் நின்று ஆறு வருஷம்.
ஒன்றே முக்கால் லட்சத்துச் சொச்சத்தில்
ஓர் ஒன்பது பாதி உருண்டு மாட்டிக்கொண்டது.

"இதுவரை எவ்வளவு ஓடியிருக்கும்?"
ஜெலுத்தோங் பட்டறையில் ஆ ஹுவாட்,
கையில் வெடிப்பு விட்ட டைமிங் பெல்ட்.

நோட்டை எடுத்துக் கொடுக்கிறேன்.
தேதி, லிட்டர், வெள்ளி.
லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர்;
கஞ்சில் என்னிடம் பொய் சொன்னதில்லை.
வீடு, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி, சனிக்கிழமை மார்க்கெட்.
மாதம் இரண்டு தடவை எண்ணெய்,
எந்தப் பக்கம் புரட்டினாலும் இரண்டு.

அவர் விரல் ஓரிடத்தில் நிற்கிறது.
"இந்த நவம்பர் மட்டும் ஐந்தா? எங்கே போன, கோதை?"

பாலத்துக்கு.
வீட்டில் ஒரு ஜோடிச் செருப்பு குறைந்த மாதம்.
அக்கரையில் பச்சை எதுவும் இல்லை,
துறைமுகத்து கிரேன் விளக்குகள்தான்.
தீவை விட்டுப் போகக் கட்டணம் கிடையாது.
திரும்பி வரத்தான் ஏழு வெள்ளி.
ராத்திரி ராத்திரி பிறைச் சாவடிக்கு முன்னால்
ஓரங்கட்டி, அந்த ஏழு வெள்ளியைக்
கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
இஞ்சினை அணைக்கவில்லை.
தையல் மிஷின் மாதிரிச் சின்னச் சத்தம்,
என்னை அவசரப்படுத்தவே இல்லை அது.

"பிரேக் சரியா இருக்கானு பார்த்தேன்" என்கிறேன்.

ஆ ஹுவாட் சிரிக்கவில்லை.
பதினெட்டால் பெருக்கிக் கூட்டுகிறார்,
நான் நின்ற இடத்தில் எரிந்த எண்ணெயையும்
தூரமாகவே எழுதிக்கொண்டு.

நான் திருத்தவில்லை.
பெல்ட்டுக்கும் கூலிக்கும் தொண்ணூறு வெள்ளி.