எடைச் சீட்டு

கொரடாச்சேரி சாலையில்
குறுவை நெல் லாரிகளுக்கு நடுவே
பதினோராவதாக நின்றாள் ஞானாம்பா.
எடைமேடை வேதநாயகம்
வண்டி எண் கேட்டார்.
பாகன் அச்சுதன் சிரிக்கவில்லை.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை
இதே கேள்வி.

சீட்டு வந்தது:
மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது கிலோ.
சரக்கு என்ற இடத்தில் ஒரு கோடு.
போனமுறையைவிட நூற்றுப்பத்து கூடுதல்.
சர்க்கரைப் பொங்கலை நிறுத்துங்கள் என்று
போனமுறையும் எழுதியிருந்தேன்.

காலையில் இன்னொருத்தியை நிறுத்தேன்.
அரிசி ஆலைக்குப் பின்னால்
டிரான்ஸ்பார்மர் அடியில் கிடந்தவள்.
தலைக் குல்லாய் கருகிய நாட்டுக்குரங்கு.
ஹபீபுல்லா மளிகையின் தராசில்
செய்தித்தாள் விரித்து வைத்தேன்.
"புளி நிறுக்கிற தட்டு, டாக்டரம்மா"
என்றவர்தான்
தாளின் நுனியை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.
மூன்று கிலோ எழுநூறு.
காம்பில் பால் இருந்தது.
கூரைகளை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு
பதிவேட்டில் எழுதினேன்:
குரங்கு, ஒன்று.

அழிந்துகொண்டிருப்பவர்களின் பட்டியலில்
இரண்டு பேரும் உண்டு.
யானைக்கு அங்கேயும் ஒரு படி மேலே இடம்.

நாலு வயதில் லாரியில் வந்தவள் அவள்.
அதன்பின் மரம் என்பது
கட்டுக் கட்டாக வந்து இறங்கும் தழை.
கால் நகத்துக்குத் தனிக் கோப்பு,
காப்பீடு, ஷவர், கொலுசு,
பிறந்தநாளுக்கு மாவட்டச் செய்தியில் படம்.
எல்லாம் இருக்கிறது,
இன்னொரு யானையைத் தவிர.

இவளுக்கு இனம் இருந்தது,
ஓடு பிரிக்க, தேங்காய் உருட்ட,
ஒருவர் தலையில் ஒருவர் பேன் பார்க்க.
கூண்டு கேட்டு ஊராட்சிக்கு மனுவும் இருந்தது.
நாற்பத்திரண்டு கையெழுத்து,
அதில் ஒன்று என் வீட்டுக்காரருடையது.
எண்ணிக்கை என்ற இடத்தில்
"ஏராளம்."

வாய்க்காலோர அத்தியை வெட்டி
மூன்று வருஷம் ஆகிறது.
கிளை போன உயரத்தில்
இப்போது கம்பி போகிறது.
பற்றுகிற கைக்கு
இரண்டும் ஒன்றுதான்.

இறங்கும்போது ஞானாம்பா லத்தி போட்டாள்.
மேடை அதையும் நிறுத்தது: இருபது கிலோ.
பின்னால் ஹாரன்கள்.
மண்வெட்டிக்காரப் பையன்
அள்ளிக்கொண்டு விலகிய இடைவெளியில்
தகரக் கூரையிலிருந்து இறங்கியது
நான் காலையில் தேடிய குட்டி.
மேடையின் நட்டநடுவில் உட்கார்ந்து
சிந்திய நெல்லைப் பொறுக்கி
உமியோடு மென்று துப்பியது.

சிவப்பு எழுத்தில் திரை சொன்னது:
பூஜ்யம்.
"பத்து கிலோவுக்குக் கீழே
இதுக்குத் தெரியாதும்மா,"
வேதநாயகம் அடுத்த வண்டிக்குக் கை காட்டினார்.

சீட்டு அடிங்க, என்றேன்.
எதுக்கு?
அடிங்க.

அதற்கும் அறுபது ரூபாய் வாங்கினார்.