வாசகர் பட்டியல்

தட்டச்சில் இருந்த என் பெயரை
அடிமட்டம் வைத்து வெட்டியிருந்தார்கள்.
நேர்கோடு. நீல மை.
பதினொரு வருடம் முதலாம் வாசகம் வாசித்தவளுக்கு
அந்த ஒழுங்காவது கிடைத்ததே என்று
அறிவித்தல் பலகைக்கு முன்னால் நின்று நினைத்தேன்.

'கொஞ்ச நாளைக்குத்தான் டெல்சியா,
சனம் கதைக்குது' என்றாள் மெற்றில்டா.
தோளில் கை வைத்துத்தான் சொன்னாள்.
ஒலிவத் தோட்டத்திலும் முதலில் வந்தது
முத்தம்தானே என்று
அன்றிரவு ஆண்டவரிடம் கேட்டேன்.
கேட்ட பிறகு வெட்கமாயிருந்தது,
அவருடைய காயத்தை எடுத்து
என் கைக்கு அளவு பார்த்ததுபோல.

சனம் கதைத்தது இதுதான்:
என் புருஷன் சீனக்குடாவில்
இன்னொருத்தியின் கூரைக்கு ஓடு மாற்றுகிறார்.
அவருடைய பெயர்
திருவிழாக் குழுப் பட்டியலில்
வெட்டுப்படாமல் இருக்கிறது.
பொருளாளர்.

பிறகும் போனேன்.
கடைசி வாங்கு, கதவோரம்.
மின்விசிறிக் காற்று எட்டாது,
டச்சுக்குடாவின் உப்புக்காற்று எட்டும்.
எனக்குரிய ஞாயிறில் யாரோ ஒரு பிள்ளை
இறைவாக்கினரின் பெயரில் தடக்கி விழுந்து
எழும்பி வாசித்தாள்.
என் உதடு தானாகத் திருத்தியது.
சமாதானம் பகிரும் நேரம்
முன்வாங்குக்காரர் திரும்பி
எனக்கும் தூணுக்கும் நடுவில்
எங்கேயோ கும்பிட்டார்.

செபிக்கிறாயா என்று கேட்பவர்களுக்கு
ஓம் என்பேன். பொய்யில்லை.
ஆனால் அது மணிகளில் எண்ண முடியாத செபம்:
என்னைப் பிடிக்காதது அவர்களுக்கா,
உமக்குமா?
பதில் வரவில்லை.
உள்துறைமுகத்தில் கோதுமைக் கப்பலொன்று
நீளமாக ஊதியது.
அவ்வளவுதான்.

மாத முடிவில்
பழைய தாளைக் கழற்றிக் குப்பையில் போட்டார்கள்.
இந்த ஊரில் குப்பைக்கு முதல் உரிமை மான்களுக்கு.
கோயில் கேற்றடியில்
ஒற்றைக் கொம்பு முறிந்த புள்ளிமானொன்று
அந்தத் தாளை
நிதானமாகத் தின்றுகொண்டு நின்றது.
என்னைப் பார்த்தது.
மெல்லுவதை நிறுத்தவில்லை.
மெற்றில்டாவின் பெயரும் என் பெயரும்
நீலக் கோடும்
ஒரே வாய்க்குள்.
நடுத்தெருவில் நின்று சிரித்தேன்.
சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாயிற்று என்று
ஹோன் அடித்த ஓட்டோக்காரன்தான் சொல்லவேண்டும்.

தாயின் முப்பத்தொன்று முடிந்த கையோடு
பக்கத்து வீட்டு யோகமலர்
என்னையும் கன்னியாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.
ஏழு கிணறு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு.
வாளியால் அள்ளி அள்ளி ஊற்றினோம்,
அவள் தாய்க்காக,
நான் எதற்கென்று தெரியாமல்.
ஏழெழுபது தடவை மன்னிக்கச் சொன்னவர்
எல்லாத் தடவையும் ஒரே சூட்டில் என்று
சொல்லவில்லையே.
தலையிலிருந்து தண்ணீர் வடிய
அங்கேதான் அது விளங்கியது.
மெற்றில்டாவுக்கு இளஞ்சூடு போதும்.
அந்தப் பிள்ளையில் மன்னிக்க ஒன்றுமில்லை.
புருஷனுக்கு
விரலை வைத்தேன், எடுத்தேன்.
இன்றைக்கு முடியாது.

நேற்று மீன்சந்தையில் மெற்றில்டா.
பாரைமீனை வெட்டக் கொடுத்துவிட்டு
நூறு ரூபாய் குறைந்து நின்றாள்.
நான் கொடுத்தேன்.
'பிறகு தாறன்' என்றாள்.
பரவாயில்லை என்று வாய்வரை வந்தது.
'தா' என்றேன்.
கொடுத்தது அன்பினாலா,
அவள் முகம் மாறுவதைப் பார்க்கவா என்று
என்னால் பிரிக்க முடியவில்லை.
கோதுமையும் களையுமாக
அப்படியே அவரிடம் விட்டுவிட்டேன்.

ஞாயிறு விடிய, கோயிலுக்குப் போகமுன்,
குசினிக்குள் நின்று
அன்றைய முதலாம் வாசகத்தை
முழுக்குரலில் வாசிக்கிறேன்,
கடைசி வாங்குவரை கேட்க.
முடிவில் மறுமொழி சொல்ல ஆளில்லை.
அடுப்பில் கொதிக்கும் கேத்தலின் மூடி
தட்டித் தட்டி
ஏதோ சொல்கிறது.