முடிச்சு நிலத்தில் பட வேணும்

மத்திய வீதியில் நிஸ்தார் நானாவின் கடை.
மழை விட்டு அரை மணித்தியாலம்.
கண்ணாடிக்குப் பின்னால் மூன்று கார்கள்:
சிவப்பு ஒன்று, பொலிஸ் நீலம் ஒன்று,
தவளை முகத்தோடு பச்சை ஒன்று.

நான் கிண்ணியா பஸ் ஓட்டுகிறவன்.
பதினொரு வருஷம்.
எந்த வண்டியைக் கண்டாலும்
முதலில் குனிந்து அடிப்பக்கம் பார்ப்பேன்.
குனிந்தேன்.
எஞ்சின் இல்லை, பெடல் இல்லை, பற்றறி இல்லை.
நானா அன்றைக்குக் கழுவிய தரை தெரிந்தது.

"பிறேக் எங்க, நானா?"

அவர் என் செருப்பைக் காட்டினார்.
"ஓடுறதும் கால்தான், நிக்கிறதும் கால்தான், தம்பி."

சுபோதினி சிரிக்கவில்லை.
கைப்பையைத் திறந்து ஒரு நூலை எடுத்தாள்.
விடியப்புறம் சாகித்யா நித்திரையாய்க் கிடக்கையில்
கவட்டிலிருந்து குதிக்கால் வரை பிடித்து
நுனியில் முடிச்சுப் போட்டு வைத்த நூல்.
பதினேழு மாதத்தின் நீளம்.
என் முழங்கையில் வைத்தால்
மணிக்கட்டைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு இருக்கையிலிருந்தும் தொங்கவிட்டாள்.
பொலிஸ் காரில்
முடிச்சு அந்தரத்தில் ஆடியது.
"இதில நுனிவிரலிலதான் நிப்பாள்" என்றாள்.
"குதி பதிய வேணும்."

பொலிஸ் காருக்குச் சைரன் வேறு.
நானா அழுத்திக் காட்டினார்.
கடையில் நின்ற நாங்கள் மூன்று ஆம்பிளைகள்
ஒரே நேரத்தில் வாசலைப் பார்த்தோம்.
நானாவே நிறுத்தினார்.
அந்தக் காரைப் பற்றி
அதற்குப் பிறகு ஒருவரும் கதைக்கவில்லை.

தவளைக்கு நூல் சரி.
விலையும் சரி, ஆறாயிரம்.
ஆனால் சில்லு வெறும் பிளாஸ்டிக்,
மாபிளில் உருட்டினால்
தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி.
எங்களுக்குக் கீழ்வீட்டில் லோரன்ஸ் மாஸ்டர்,
நெஞ்சில் ஒப்பரேஷன் செய்தவர்,
இரண்டிலிருந்து நாலு வரை கண்ணயர்கிறவர்.

சிவப்புக்குச் சில்லைச் சுற்றி ரப்பர்.
எட்டாயிரத்து அறுநூறு.
நானா ஐந்நூறு குறைத்தார்.
ஆக, மாஸ்டரின் மத்தியானத் தூக்கம்
இரண்டாயிரத்து நூறு ரூபாய்.
சம்பளம் வர இன்னும் ஒன்பது நாள்.
சுபோதினி என்னைப் பார்க்காமல்
முடிச்சைப் பார்த்தாள்.
அது சிவப்புக் காரின் கீழே
தரையில் சுகமாய்ப் படுத்திருந்தது.

இருத்தினோம்.
முதல் வேலையாக ஸ்டியரிங்கை நக்கினாள்.
பிறகு இரண்டு பாதத்தையும் ஊன்றித் தள்ளினாள்.
கார் பின்னுக்குப் போனது.
திரும்பவும் தள்ளினாள்,
திரும்பவும் பின்னுக்கு.
நாங்கள் எல்லோரும் ஏன்
அவளை விட்டுத் தூரமாய்ப் போகிறோம் என்று
வாயைத் திறந்தபடி பார்த்தாள்.
தும்புத்தடி அடுக்கில் மோதி நின்று
கை தட்டினாள்.

எனக்கென்றால் இன்றைக்கும்
ரிவர்ஸ் எடுக்கக் கொண்டக்டர் தட்ட வேணும்.

பெட்டி மோட்டார் சைக்கிளில் நிற்கவில்லை.
காரை வெளியில் எடுத்து
வெறும் பெட்டியைக் கடைவாசலில் வைத்தேன்.
கயிறு தேடி நானா உள்ளே போனார்.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான்களில் ஒன்று,
காது கிழிந்த கிழடு,
கூட்டத்தை விட்டுப் பெட்டியடிக்கு வந்தது.
அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பொடியன்
அதே சிவப்புக் காரில்
நேரே முன்னால் போய்க்கொண்டிருந்தான்.
அவன் தலையிலிருந்து சப்பத் தொடங்கியது.

சாகித்யா மானைக் கண்டாள்.
இரண்டு கையையும் அதை நோக்கி நீட்டினாள்,
பிறகு ஞாபகம் வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.
மானிடம் போகத்தான்
அவ்வளவு பலத்தையும் போட்டுத் தள்ளினாள்.

கார் பின்னால் உருண்டு வந்து
என் செருப்பில் முட்டி நின்றது.

மான் பொடியனைத் தின்று முடித்து
காரில் கை வைத்தது.
"கயிறு கிடைச்சிட்டுது" என்று
உள்ளேயிருந்து நானா சொன்னார்.