கசிவு

மின்முனை பொய் சொல்கிறது என்று கூப்பிட்டார்கள்.
மெக்சிகோ நகரத்தின் தெற்கே
எரிமலைப் பாறைமேல் கட்டிய வளாகம்.
லிஃப்ட் ஓடவில்லை. நாலு மாடி.
கையில் கருவிப் பெட்டி, முழங்காலுக்குள் ஜூலை மழை.

லெயோனிலா உர்ரியெத்தா கதவைத் திறந்தாள்.
இரண்டு மாதத்துத் தாள்கள் மேசை முழுக்க.
"பாருங்கள் தோன் நிகானோர்,
இது பொட்டாசியம் கொடுத்த ஈஸ்ட்.
இது கொடுக்காத ஈஸ்ட்."
இரண்டு கோடும் ஒரே சரிவில் இறங்கின,
ஒரே செருப்பின் இரண்டு தடம்.
"கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒன்றென்றால்
இங்கே நான் எதற்கு?"

பழுதுபார்ப்பவன் அதற்கெல்லாம் பதில் சொல்வதில்லை.
அறையில் புளித்த மாவின் வாடை.
குவளைக்குள் காந்தம் சுழன்றது.
ராத்திரி முழுக்கப் பட்டினி போட்ட செல்கள்
கலங்கிய கஞ்சித் தண்ணீராய்ச் சுற்றின.

மின்முனையைக் கழற்றி விளக்கடியில் திருப்பினேன்.
நுனிக்குச் சற்று மேலே மயிரிழை விரிசல்.
அதன் ஓரம் வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது.
நாக்கில் வைத்துப் பார்த்தேன்
(இருபத்தாறு வருஷத்துக் கெட்ட பழக்கம்,
யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை):
கரிப்பு, பின்னாலேயே ஒரு கசப்பு.
சமையல் உப்பு இப்படிக் கசக்காது.

"இந்தக் கண்ணாடிக்குள் என்ன நிரப்புகிறோம், லெயோனிலா?"

வாயைத் திறந்தவள்
சொல்லாமலே மூடிக்கொண்டாள்.
பொட்டாசியம் குளோரைடு.
அளக்கப் போன கோலே
அறுபது நாளாய் ஊட்டிவந்திருக்கிறது.

புதிய மின்முனை. புதிய குவளை.
குளூக்கோஸ் மட்டும் விட்டாள்.
பேனா தயங்கி, கொஞ்சம் இறங்கி,
சம்பளத்துக்கு முந்தின வாரம்போல
நகர மனசில்லாமல் நகர்ந்தது.

அவள் பேசினாள். என்னிடமா, தாளிடமா, தெரியாது.
"சவ்வில் ஒரு பம்பு இருக்கிறது.
ஏடிபியைக் கூலியாய் வாங்கிக்கொண்டு
புரோட்டானை வெளியே தள்ளும்.
ஆனால் நேர்மின் போகப் போக
உள்ளே எதிர்மின் தேங்கிவிடும்.
கிளம்புகிறவன் சட்டையை வீடே பிடித்து இழுக்கும்.
அவன் இடத்துக்கு இன்னொருவன் வந்தாக வேண்டும்."

பிறகு ஊசியில் ஒரு துளி.
இந்தமுறை தெரிந்தே.

பேனா விழுந்தது.

வெளித் தண்ணீர் புளித்தது.
உள்ளே அமிலம் வடிந்து காரம் கூடுமாம்,
அதற்குச் சாயம் வைத்துத் தனியே பார்க்கவேண்டும் என்றாள்.
பம்பு வேகம் பிடித்ததில் ஏடிபி கரைய,
கரைந்த கல்லாவை நிரப்ப
ஒரு கண்ணுக்கும் தெரியாத அத்தனை பேரும்
சர்க்கரையை உடைக்கக் கிளம்பிவிட்டார்கள்.
பக்கத்து முள்ளில் ஆக்சிஜன்
மளமளவென்று குறைந்தது.

"செலவு வந்தால்தான்
சிலருக்குச் சம்பாதிக்கவே தோன்றும்" என்றேன்,
மச்சானை நினைத்துக்கொண்டு.
அவள் சிரிக்கவில்லை.
பழைய தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.
கிழிப்பாள் என்று நினைத்தேன்.
ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரே சொல்லை எழுதினாள்,
அறுபது தடவை,
பள்ளிக்கூடத் தண்டனைபோல.

வெளியே ஆலங்கட்டி மழை
தகரக் கூரையை வறுத்தெடுத்தது.
ரசீதில் 'பழுது' என்ற கட்டத்தில்
கசிவு என்று எழுதினேன்.
பேனாவை மூடப்போய், திறந்து, கீழே சேர்த்தேன்:
அளவுகள் சரி. மின்முனை பொய் சொல்லவில்லை.

விரிசல் விட்டதைக் குப்பையில் போடக் கை நீட்டினேன்.
"அது இருக்கட்டும்" என்றாள்,
பஞ்சில் சுற்றி இழுப்பறைக்குள் வைத்து.

நாலு மாடி இறங்கினேன்.
மூலைக் கடையில் சூடான போலியோ ஒன்று வாங்கிக் கடித்தேன்.
ரொட்டிக்கு அடியில்
இன்னும் அந்தக் கசப்பு.