இராமபாணம்

எங்கள் குடும்பப் பெயர் கில்கிறிஸ்ட்.
தமிழுக்கு 'க' ஒன்றுதான்.
அதனால் பள்ளிக்கூடத்தில் நான்
கிறிஸ்துவைக் கொன்றவள்.
ரேஷன் கார்டில் அப்பா கில் கிரீஷ்,
பாஸ்புக்கில் ஜி. கிரிஸ்டி,
கல்லறையில் மட்டும் சரியான எழுத்து.
மூவரும் ஒருவரே என்று
நோட்டரியிடம் முத்திரை வாங்கி வைத்திருக்கிறோம்.

குன்னூரில் மழை விட்டிருந்த ஒரு புதன்கிழமை
அரைநாள் லீவு போட்டு
ஆலய அலுவலகத்துக்குப் போனேன்.
மஃப்ளரை அவிழ்க்காமலே
பீரோவைத் திறந்தார் ஞானசிகாமணி.
ஞானஸ்நானம், திருமணம், அடக்கம்:
தோல் அட்டைக்குள் மூன்று புத்தகங்கள்.
தைலம் நனைத்த துணியால் துடைத்து வைத்து
"எச்சில் தொட்டுப் புரட்டாதீங்கம்மா" என்றார்.

1885, ஆகஸ்ட் ஒன்பது, ஞாயிறு.
குழந்தை: ஜேம்ஸ். என் பூட்டன்.
தகப்பன்: ஆர்ச்சிபால்ட் கில்கிறிஸ்ட், தேயிலைத் தோட்டம்.
தாய்: எ நேட்டிவ் உமன்.

அந்த 'எ'யில் மை கொஞ்சம் கூடுதலாக இறங்கியிருந்தது.
பேனாவை ஊன்றியபடி
பாதிரியார் எதையோ யோசித்திருக்கிறார்.
அல்லது பக்கத்தில் யாரோ இருமியிருக்கலாம்.

எல்.ஐ.சி.யில் க்ளெய்ம் பார்க்கிறவள் நான்.
ஒரு கட்டம் காலியாக இருந்தாலும்
மனுவைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.
இந்தக் கட்டம் காலி இல்லையே.
நிரப்பித்தான் இருக்கிறார்கள்.

கைப்பையில் இன்னொரு காகிதம் இருந்தது,
எடின்பரோவுக்குப் பணம் கட்டி வரவழைத்தது.
ஆர்ச்சிபால்ட், வயது எழுபது,
1923, மான்ட்ரோஸ், விடியற்காலை நாலு பத்து, மார்ச்சளி.
மனைவி, பெயர் உண்டு.
தகப்பன், செருப்புத் தைப்பவர், பெயர் உண்டு.
தாய் இசபெல்லா,
பிறந்தவீட்டுப் பெயர் டஃபஸ்.

அந்த ஊரில்
எழுபது வயதுக் கிழவன் செத்தாலும்
உன் அம்மா எந்த வீட்டுப் பெண் என்று
கேட்டு எழுதிக்கொண்டுதான் அனுப்புகிறார்கள்.
இசபெல்லா டஃபஸ்,
உன்னை எனக்குத் தெரியும்.
நாலு நாள் கிடைத்தால் நீ வாழ்ந்த தெருவையும்
கண்டுபிடித்துவிடுவேன்.
உன் பேரனைப் பெற்றவள்
இந்த மலையில் எங்கே விறகு பொறுக்கினாள் என்று
யாரைக் கேட்பேன்?

அடக்கப் புத்தகத்தை நான் திறக்கவில்லை.
எந்தப் பெயரைத் தேடுவது?

வெலிங்டனில் எப்சிபா அத்தைக்கு
இந்தக் கட்டமெல்லாம் கணக்கில்லை.
அவளுக்கு ஒரே கேள்வி: கட்டினானா?
திருமணப் புத்தகத்தில் 1884
மே முதல் அக்டோபர் வரை
தேசப்படம் போல் அரித்துக் கிடந்தது.
"இராமபாணம்மா" என்றார் ஞானசிகாமணி,
தானே தின்றதுபோல் தலைகுனிந்து.
ஓட்டைகளைப் படம் பிடித்து அத்தைக்கு அனுப்பினேன்.
உடனே போன்.
"அங்கேதாண்டி இருந்திருக்கும்!
பூச்சிக்கு என்ன தெரியும் பாவம்.
வரும்போது வர்க்கி ரெண்டு கிலோ வாங்கிட்டு வா,
வீட்டுக்கு வீடு கொடுக்கணும்."

நல்ல மனிதர் ஞானசிகாமணி. அதுதான் வினை.
"கல்யாண ஓலை வாசிச்சதுக்குத்
தனிப் புத்தகம் இருக்கே" என்று
மேல்தட்டில் இருந்து எடுத்துத் தந்தார்.

ஒரு பொட்டு ஓட்டை இல்லை.
1884 முழுசாக, பளிச்சென்று.
மூன்று ஞாயிறும் வாசிக்கப்பட்டவர்களில்
ஒரு சார்ஜண்ட், இரண்டு கடைக்காரர்கள்,
மறுமணம் செய்த ஒரு விதவை.
க வரிசையில் ஒருவரும் இல்லை.
இரண்டாம் முறையும் பார்த்தேன்.

இதைப் படம் பிடிக்கவில்லை.

மூடும்போது
திருமணப் புத்தகத்தின் முதுகிலிருந்து
வெள்ளியாய் ஒன்று வழுக்கி ஓடியது.
செருப்பைக் கழற்றிவிட்டார் ஞானசிகாமணி.
அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.
பீரோவின் விளிம்பில் ஒரு கணம் மீசையை ஆட்டி நின்று
அது மேல்தட்டை நோக்கி ஏறியது,
ஓலைப் புத்தகம் இருக்கும் பக்கமாக.

"பூட்டிடுங்க" என்றேன்.